ஐம்பதும் நூற்று முப்பதும்

ஐயா, வணக்கம்.

நானும் சுங்கை சிப்புட்டுதான். பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மலேசியா, இந்தியா ஆகிய இரண்டின் நிதித்துறையையும் பொருளாதாரக் குறியீடுகளை வைத்து ஒப்பிடச் சொல்லி இடுபணி கொடுத்திருக்கிறார்கள். தனியார் துறைக்குக் கொடுத்த கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை விழுக்காடு என்று உலக வங்கிப் பட்டியலில் பார்த்தேன். மலேசியா 2020-இல் 130-க்கு மேல். இந்தியா 2023-இல் சுமார் 50. அப்படியென்றால் நம் மலேசிய நிதித்துறை இரண்டரை மடங்கு வளர்ந்தது என்று எழுதலாமா?

தீபாவளிக்கு வந்த மாமா இதைக் கேட்டுச் சிரித்தார். அவர் போன வருடம் காரைக்குடி போய் வந்தவர். அங்கே இளநீர்க் கடையில்கூட கியூஆர் இருக்கிறதாம். அவருடைய நண்பருக்கு வைப்புத்தொகைக்கு ஏழு விழுக்காடு வட்டி வருகிறதாம், இங்கே மூன்றுதானே என்கிறார். யார் சொல்வது சரி? நீங்கள் வங்கியில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரி

---

அன்புள்ள மகளுக்கு,

வங்கியில் வேலை பார்த்தவன் என்பது சரி. ஆனால் உங்கள் கேள்விக்கான பதிலை நான் வங்கியில் சேருவதற்கு முன்பே, தோட்டத்து மளிகைக் கடையில் பார்த்துவிட்டேன்.

அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். கடையில் எங்கள் பெயருக்கு ஒரு 555 நோட்டு இருந்தது. உள்ளங்கை அளவு இருக்கும், உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், எனக்குப் பள்ளிக்கூடப் பென்சில், எல்லாம் அதில் ஏறும். சம்பள நாளன்று கடைக்காரர் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு கூட்டுவார். அம்மா எதிரில் நின்று அவர் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டிருப்பார். அடைமழை மாதங்களில் மரம் வெட்ட முடியாது, சம்பளம் பாதியாகிவிடும். வயிறு பாதியாகாதே. அந்த மாதங்களில் நோட்டில் இருந்த கடன் அம்மாவின் சம்பளத்தைத் தாண்டி நிற்கும். கடனை வருமானத்தோடு ஒப்பிடும் உங்கள் குறியீட்டை நிதி ஆழம் என்பார்கள். அந்தக் கணக்குப்படி எங்கள் வீட்டின் நிதி ஆழம் அப்போது 130. அதற்காக எங்களை வளர்ந்த குடும்பம் என்று லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஒருவரும் சொன்னதில்லை.

கடனை வருமானத்தால் வகுக்கும் எண் இரண்டு காரணத்தால் ஏறும். மேலே இருக்கும் கடன் கூடலாம், அல்லது கீழே இருக்கும் வருமானம் சுருங்கலாம். நீங்கள் எடுத்த 2020 நம் நாட்டுக்கு அடைமழை ஆண்டு. கோவிட்டில் பொருளாதாரம் ஐந்தரை விழுக்காடு சுருங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் தொடங்கி ஆறு மாதத்துக்கு வங்கித் தவணை கட்டவேண்டாம் என்று விட்டார்கள். கீழே சுருங்கியது, மேலே இருந்தது அடையாமல் நின்றது. 2019-இல் 120-ஐ ஒட்டியிருந்த உங்கள் எண் அப்படித்தான் 130-ஐத் தாண்டியது. குடும்பக் கடனை மட்டும் பாருங்கள்: 2019 முடிவில் உற்பத்தியில் சுமார் 83 விழுக்காடு, 2020 முடிவில் 93, பிறகு 2023 முடிவில் மறுபடி 84. இடையில் மக்கள் திடீரென்று வீடு வீடாக வாங்கித் தள்ளவில்லை. ஆகவே முதல் வேலையாக இரண்டு நாட்டுக்கும் ஒரே ஆண்டை எடுங்கள்.

அப்படி எடுத்தாலும் நாம் இந்தியாவைவிட இரண்டு மடங்குக்கு மேல்தான் நிற்போம். அது உண்மையான வித்தியாசம், மறுப்பதற்கில்லை. அதில் நல்லதும் இருக்கிறது. நம் குடும்பக் கடனில் பாதிக்கு மேல் வீட்டுக் கடன். லயத்தில் பிறந்து தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், சொந்த வீடு வாங்கியவர்கள் பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் வாங்கினார்கள், நானும்தான். இந்தியாவில் குடும்பக் கடன் உற்பத்தியில் நாற்பதை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கே வங்கிகள் வைப்புத்தொகையில் குறைந்தது 18 விழுக்காட்டை அரசுக் கடன்பத்திரம் போன்றவற்றில் போட்டாகவேண்டும் என்று சட்டம். 1969-இல் 14 பெரிய வங்கிகளையும் 1980-இல் இன்னும் ஆறையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டதிலிருந்து, வங்கிப் பணம் யாருக்கு முதலில் போகவேண்டும் என்பதில் அரசாங்கத்தின் கை பெரிது. கடைக்காரர், விவசாயி, சின்னப் பட்டறைக்காரர் பலருடைய கடன் வங்கிக்கு வெளியே, கைமாற்றாகவோ நகைமேலோ ஓடுகிறது. அது உங்கள் ஐம்பதில் சேராது.

ஆனால் எண் பெரிதாக இருந்தால் வலுவாக இருக்கும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இதே குறியீடு நம் நாட்டில் 1997-இல் 150-ஐத் தாண்டியிருந்தது. அடுத்து வந்த நிதி நெருக்கடியில் நடந்ததை நான் வங்கி முகப்பில் உட்கார்ந்து பார்த்தேன். லாரி வாங்கிய மனிதர், தவணை கட்ட வழியில்லாமல் சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அந்தச் சாவிக்கொத்தில் ஒரு சின்ன வேல் தொங்கியது. 1998 செப்டம்பர் 2-ஆம் தேதி ரிங்கிட்டை ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டார்கள். வங்கிகளின் வாராக்கடனை வாங்கிக்கொள்ள டானாஹர்த்தா என்ற அரசு நிறுவனம் வந்தது. அப்புறம் ஐம்பதுக்கு மேற்பட்ட வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் பத்துக் குழுமமாகச் சேர்த்தார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம், பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் போய்விடும். அதே செப்டம்பரில், எத்தனை மாதம் தவணை வராவிட்டால் வாராக்கடன் என்ற கெடுவை மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதமாக நீட்டினார்கள். நேற்று வாராக்கடனாக இருந்த சில கணக்குகள் மறுநாள் நல்ல கடனாகிவிட்டன, கடன்காரர் ஒரு காசும் கட்டாமலேயே. இந்தியாவில் இதற்கு நேர் எதிராக நடந்தது. 2015-இல் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது, வங்கிகள் மறைத்து வைத்திருந்த மோசமான கடன்களை வெளியே எடுக்கச் சொல்லிச் சோதனை வைத்தார். வாராக்கடன் விகிதம் மளமளவென்று ஏறி 2018 மார்ச்சில் 11 விழுக்காட்டைத் தாண்டியது. பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு இந்திய வங்கிகள் அந்த மூன்று வருடத்தில் நாசமாய்ப் போயின என்று தோன்றும். நாசம் அதற்கு முன்பே நடந்துவிட்டது, கணக்கில் அப்போதுதான் ஏறியது. 2024 மார்ச்சில் அது 3 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது. அதில் ஒரு பகுதி வசூலாகவில்லை, தள்ளுபடிக் கணக்கில் எழுதி நீக்கப்பட்டது. நம் வங்கிகளில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. வாராக்கடன் எண்ணைப் போடும்போது அடியில் அந்தந்த நாட்டு வரையறையையும் போடுங்கள். ஆசிரியர் கேட்காவிட்டாலும் போடுங்கள்.

பங்குச்சந்தை மதிப்பில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். இரண்டு நாட்டிலும் உற்பத்தியில் நூறைச் சுற்றியே ஏறி இறங்குகிறது. நம் கடைத்தெருவில் அதனால் கண்ணுக்குத் தெரிய எதுவும் மாறவில்லை.

இனி மாமாவிடம் வருவோம். மாமா பார்த்தது பொய்யில்லை. கைப்பேசியிலேயே உடனுக்குடன் பணம் அனுப்பும் இந்தியாவின் யூபிஐ முறை 2016-இல் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் ஆயிரம் கோடி பரிவர்த்தனையைத் தாண்டியது. இளநீர் வெட்டுகிறவருக்குக் காசு வந்ததும் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி சத்தம் போட்டுச் சொல்லும். நானும் கேட்டிருக்கிறேன், கேட்க சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் காசு வேகமாக வருவது ஒரு வசதி, இரண்டாவது வண்டி வாங்க அவருக்கு வங்கி கடன் கொடுப்பது இன்னொரு வசதி. மாமா முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதையும் சேர்த்து நினைத்துக்கொண்டார்.

கணக்கு வைத்திருப்பவர் எண்ணிக்கையும் அப்படித்தான். உலக வங்கியின் ஃபின்டெக்ஸ் ஆய்வுப்படி 2011-இல் இந்தியாவில் பெரியவர்களில் 35 விழுக்காட்டினருக்குத்தான் கணக்கு இருந்தது, நம்மிடம் 66. 2014-இல் எல்லாருக்கும் வங்கிக் கணக்கு திறக்கும் ஜன்தன் திட்டம் வந்த பிறகு 2021-இல் அங்கே 78, இங்கே 88. பத்தே ஆண்டில் அவர்கள் ஓடிய தூரம் பெரிய தூரம், தாராளமாகப் பாராட்டி எழுதலாம். ஆனால் அதே 2021 ஆய்வில், இந்தியாவில் கணக்கு வைத்திருந்தவர்களில் 35 விழுக்காட்டினர் அதை ஒரு வருடமாகத் தொடவே இல்லை. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

ஏழு விழுக்காட்டு வட்டிக்கும் கணக்குப் பார்த்துவிடுவோம், மாமா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அவருடைய நண்பர் காரைக்குடியில் இருப்பவர், அங்கேயே செலவழிப்பவர். 2022-இல் இந்தியாவில் விலைவாசி 6.7 விழுக்காடு ஏறியது. ஏழு வாங்கியிருந்தால் கையில் நின்றது அரை விழுக்காடுகூட இல்லை. மாமா இங்கிருந்து பணம் போட்டு இங்கேயே திரும்ப எடுப்பதானால் வேறு கணக்கு. 2005-இல் ரிங்கிட்டின் கட்டை அவிழ்த்தபோது ஒரு வெள்ளிக்கு, அதாவது ஒரு ரிங்கிட்டுக்கு, பதினொன்றரை ரூபாய் போல இருந்தது. 2024-இல் பதினெட்டுக்கு மேல். ரூபாய் சராசரியாக வருடம் இரண்டரை விழுக்காடு இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஏழுக்கும் மூன்றுக்கும் நடுவில் நான்காகத் தெரிவது ஒன்றரையாகச் சுருங்கிவிடும். அந்த ஒன்றரைக்காக வேண்டுமானால் போடட்டும். ஆனால் வங்கி கவிழ்ந்தால் அங்கே காப்புறுதி ஐந்து லட்சம் ரூபாய் வரைதான், இங்கே 250,000 வெள்ளி வரை உண்டு. இதையும் சொல்லிவையுங்கள்.

எந்தக் குறியீட்டிலும் வராத ஒன்றும் இருக்கிறது, எனக்குப் பிடித்த ஒப்பீடு அதுதான். கூட்டு. நம் வீட்டுப் பெண்கள் போடுவது. தமிழ்நாட்டில் சீட்டு என்பார்கள். பன்னிரண்டு பேர், மாதம் ஆளுக்கு நூறு வெள்ளி, மாதம் ஒருவர் ஆயிரத்து இருநூறை எடுத்துக்கொள்வார். முதலில் எடுப்பவருக்கு அது கடன், கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. பத்திரம் இல்லை, பிணை இல்லை, முகத்தாட்சண்யம்தான் பிணை. தமிழ்நாட்டுச் சீட்டுக்கு 1982-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்து, பதிவாளரிடம் பிணைத்தொகை கட்டி நடத்தலாம், ஏமாற்றினால் புகார் கொடுக்கலாம். நம் நாட்டில் 1971-இலேயே கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே நம் 'கூட்டு' என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. நல்ல சொல், போய்ச் சேர்ந்த இடம்தான் சரியில்லை.

தடை வந்ததால் கூட்டு நின்றுவிட்டதா என்று எங்கள் வீட்டில் கேளுங்கள். என் மனைவி போட்ட கூட்டில் தலைவியாக இருந்தவர் ஏழாவது மாதம் ஒரே இரவில் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். ஐந்து பேர் இன்னும் எடுக்கவில்லை, என் மனைவியும் அதில் ஒருவர். வங்கியில் வேலை பார்க்கும் மனிதனின் மனைவி! போலீசுக்குப் போகலாம் என்றேன். "போய் என்னன்னு சொல்றது, சட்டத்துக்கு விரோதமா கூட்டு போட்டோம்னா?" என்று கேட்டார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். ஒரே வழக்கம்தான், அங்கே பதிவேட்டில் ஏற்றினார்கள், இங்கே ஒளிந்து போடும்படி ஆக்கினார்கள். இதை ஒரு பத்தி எழுதினால் உங்கள் இடுபணி மற்றவர்களுடையதிலிருந்து தனியாகத் தெரியும்.

இன்னொன்று நம் ஊரோடு சம்பந்தப்பட்டது. தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகத் தவணை கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். அந்தக் காசில் முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம். அம்மாவும் ஒரு பங்கு வைத்திருந்தார். மளிகைக் கடை நோட்டில் இருந்த கடனைக் கணக்கெடுக்கும் பொருளாதாரக்காரர், அதே பெட்டியில் அடியில் கிடந்த பங்குப் பத்திரத்தை எந்த வரிசையில் போடுவார் என்று எனக்கு இன்றும் ஒரு குறுகுறுப்பு. கடன் விகிதத்தில் அது வராது. ஆகவே கடனுக்குப் பக்கத்தில் சேமிப்புக்கும் ஒரு வரி வைத்துக்கொள்ளுங்கள். ஊழியர் சேமநிதி இங்கே 1951-இலிருந்து இருக்கிறது, இந்தியாவில் 1952-இலிருந்து. ஆனால் அங்கே முறைப்படுத்தப்படாத வேலையில் இருக்கும் பெரும்பாலோருக்கு அது எட்டவில்லை. கோவிட் காலத்தில் நம்மவர்கள் சேமநிதியிலிருந்து சிறப்பு அனுமதியில் எடுத்தது 14,500 கோடி வெள்ளி. கடன் எண் இறங்கியதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு முன்னால் இதையும் பார்க்கவேண்டும்.

நேற்றுக் காலை நடக்கப் போனபோது பேருந்து நிலையத்திலிருந்து சந்தை வரை விளக்குக் கம்பங்களில் ஒட்டியிருந்த 'பின்ஜாமான் வாங்' (பணக் கடன்) அட்டைகளை எண்ணிப் பார்த்தேன். ஆலோங்காரர்கள், அதாவது உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுபவர்கள், ஒட்டுவதுதான், தொலைபேசி எண்ணோடு. பதினேழு. அதில் இரண்டு, நான் வேலை பார்த்த கிளைக்கு எதிரே உள்ள கம்பத்தில். நூறைத் தாண்டிய நிதி ஆழத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் நடுவில் ஒரு தெருதான். மாமாவையும் கூட்டிக்கொண்டு போய் எண்ணச் சொல்லுங்கள், எனக்கு ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கலாம்.

இடுபணியை எப்போது கொடுக்கவேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே ஆண்டுக்கு மாற்றிய அட்டவணையை அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். ஞாயிறு வேண்டாம், அன்று பேரப்பிள்ளைகள் வருகிறார்கள்.