'விசுவாசத்தால் சுகம்' என்றால் என்ன?

நோயைக் கர்த்தரிடம் ஒப்புக்கொடுத்து, அவர் தரும் சுகத்துக்காக நம்பிக்கையோடு காத்திருப்பதுதான். பைபிளில் யாக்கோபு 5:14 நோயாளியைச் சபையின் மூப்பர்களை வரவழைக்கச் சொல்கிறது, அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிப்பார்கள், ஏனென்றால் படுத்துக் கிடப்பவரைப் பயம்தான் முதலில் தின்னும், அதை அவர் தனியாகச் சுமக்கக் கூடாது. ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி, டிரிப் ஏறாத கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மெதுவாக ஜெபிக்கும்போது அந்த முகம் மாறும் பாருங்கள்! நம்ம பாலாறு மாதிரிதான் இது, மேலே வெறும் மணலாகக் கிடந்தாலும் தோண்டினால் ஊற்று வரும். அப்புறம், மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு: 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு சிஎம்சி மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் ஜெபிக்கிற டாக்டர், சுவிசேஷம் எழுதிய லூக்காவும் வைத்தியர்தான்.