பச்சையெல்லாம் மட்சா இல்லை: வாங்குவோர் கேள்வி-பதில்

பள்ளி விடுமுறை வந்தாலும் வந்தது, இந்த முறை கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டில் மட்சா பபிள் டீ போடுவது பற்றித்தான். மட்சா என்பது ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூள்; அதைப் பாலில் கலந்து, மரவள்ளி மாப்பொருளில் உருட்டி அவித்த 'முத்து' போட்டுக் குடிப்பதுதான் இந்தப் பபிள் டீ.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கென்று முகநூலில் பார்த்து 100 கிராம் மட்சா 1,400 ரூபாய்க்கு எடுப்பித்தேன். வந்தது வைக்கோல் நிறம். கரைத்தால் அடியில் மணல் போல நிற்கிறது. விற்றவர் முதலில் "இதுதான் ஒறிஜினல்" என்றார், இப்போது பதிலே இல்லை. பையில் பெயரும் இல்லை, திகதியும் இல்லை. (கோண்டாவில் வாசகி)

பதில்: உங்களில் பிழை இல்லை, சகோதரி. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். வந்தது பெரும்பாலும் சாதாரணப் பச்சைத் தேயிலையை அரைத்த தூளாக இருக்கும். மட்சாவுக்கான தேயிலையை ஜப்பானில் பறிப்பதற்கு மூன்று வாரமளவில் முன்பே பந்தல் போட்டு வெயில் மறைத்துவிடுவார்கள். அதனால்தான் இலை கடும் பச்சையாகும், கசப்பும் அடங்கும். பிறகு ஆவியில் அவித்து, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிக் கல் திரிகையில் அரைப்பார்கள். ஒரு திரிகை ஒரு மணித்தியாலத்துக்குத் தருவது 40 கிராம் அளவுதான். போதாததற்கு 2024 இலிருந்து உலகெங்கும் தேவை கூடி, ஜப்பானிலேயே தட்டுப்பாடு. அந்த விலைக்கு நல்ல மட்சா கிடைக்க வழியே இல்லை. நல்லதை விரலில் தேய்த்தால் முகப்பவுடர் போல வழுக்கும், நாற்றுப் பயிரின் பச்சை விரல் ரேகையில் ஒட்டிக்கொள்ளும்.

இந்தப் பெயரில்லாப் பைகளில் எனக்குப் பல வருடக் கோபம் உண்டு. மொத்தமாக வாங்கி, வெறும் வெள்ளிப் பையில் அடைத்து, ஒரு பூப்படம் ஒட்டி விற்கிறார்கள். பொதி செய்த உணவென்றால் நிறை, உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், அதிகூடிய சில்லறை விலை, செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், விலாசம் எல்லாம் சட்டப்படி இருக்க வேண்டும். 2020 இல் மஞ்சள் இறக்குமதி நின்று விலை ஏறியபோது நானும் இப்படியொரு பை வாங்கினேன். மூன்று கரண்டி போட்டும் சொதி வெளிறியே கிடந்தது. யாரிடம் போய்க் கேட்பது? பையில் பெயர் இல்லை, கையில் பற்றுச்சீட்டு இல்லை. அன்று வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

நீங்கள் விடாதீர்கள். பையை எறிய வேண்டாம். உரையாடலையும் காசு அனுப்பிய சீட்டையும் படம் பிடித்து வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூல முறைப்பாட்டைக் கொடுத்துவிட வேண்டும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் அந்தப் பையைக் காட்டுங்கள்.

கேள்வி: மூன்று வயது மகனுக்கு முத்துப் போட்டுக் கொடுக்கலாமா? (மானிப்பாய்)

பதில்: வேண்டாம். தொண்டையில் அடைக்கும்.

கேள்வி: சந்தையில் வாங்கிய மரவள்ளி மாவில் முத்துப் பிடித்தேன். கொதிநீரில் போட்டதும் கரைந்து கஞ்சியாகிவிட்டது. கலப்படமா? (சாவகச்சேரி)

பதில்: கலப்படம் என்று சொல்ல முடியாது. நீங்கள் வாங்கியது கிழங்கைக் காயவைத்து முழுதாக அரைத்த மா. முத்துக்கு வேண்டியது கிழங்கைத் துருவிப் பிழிந்து, அந்தப் பாலை அடைய விட்டு எடுக்கும் மாப்பொருள். பைக்கற்றில் "டபியோக்கா ஸ்டார்ச்" என்று இருக்கும். 80 மில்லிலீற்றர் தண்ணீரில் 60 கிராம் பனங்கட்டியைக் கரைத்து, மண் இல்லாமல் வடித்து, நன்றாகக் கொதிக்க விடுங்கள். 120 கிராம் மாப்பொருளில் பாதியை எடுத்து அதில் அந்தப் பாகைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கிளறுங்கள். பாகு ஆறிவிட்டால் மா ஒட்டாது, முத்து உதிரும். மிச்சத்தையும் சேர்த்துச் சூட்டோடு பிசைந்து, கடலை அளவில் உருட்டி, நிறையத் தண்ணீரில் 20 நிமிடம் அவித்து, மூடியபடி 15 நிமிடம் விடுங்கள். பிறகு குளிர்ந்த நீரில் அலசிப் பனங்கட்டிப் பாகில் போடுங்கள். அன்றைக்கே குடித்து முடிக்க வேண்டும், பிரிட்ஜில் வைத்தால் கல்லாகிவிடும்.

பனங்கட்டியைப் பனையோலைக் குட்டானோடு, தெரிந்த இடத்தில் வாங்குங்கள். சீனி கலந்தது இனிக்கும், ஆனால் அந்த மணம் வராது.

கேள்வி: கழிவு விலை என்று ஐந்து பைக்கற் முத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முடிவுத் திகதிக்கு இன்னும் நான்கு நாள்தான். பற்றுச்சீட்டையும் எறிந்துவிட்டேன். திருப்பிக் கொடுக்கலாமா? (திருநெல்வேலி)

பதில்: எதைக் காட்டிக் கொடுப்பீர்கள்? திகதி பைக்கற்றில் அச்சாகித்தான் இருந்தது, கடையில் நின்று வாசிக்க அரை நிமிடம் போதும். இதையே எத்தனை முறை எழுதுவது? அயலவரையும் கூப்பிட்டு நான்கு நாளுக்குள் அவித்து முடியுங்கள்.

கேள்வி: மட்சா கலக்க மூங்கில் கடையி வாங்கத்தான் வேண்டுமா? 6,000 ரூபாய் சொல்கிறார்கள். (நல்லூர்)

பதில்: பபிள் டீக்குத் தேவையில்லை. இரண்டு கிராம் தூளை அரிதட்டில் அரித்து, கொதித்து ஐந்து நிமிடம் ஆறிய நீர் கொஞ்சம் விட்டுக் குழைத்து, வீட்டில் இருக்கும் சின்ன மத்தால் கடையுங்கள். நுரை வந்த பிறகு குளிர்ந்த பாலும் முத்தும் சேர்த்தால் சரி. பற்றரியில் சுழலும் கடையியும் வேண்டாம். நான் வாங்கியது மூன்றாம் வாரமே நின்றுவிட்டது. உத்தரவாத அட்டையில் கடை முத்திரை இல்லாததால் மாற்றியும் தரவில்லை.

கேள்வி: லண்டனிலிருந்து வந்த மச்சாள் கொடுத்த மட்சாப் பேணி, திறக்கவே இல்லை. முடிவுத் திகதி போய் எட்டு மாதம். (பருத்தித்துறை)

பதில்: திறந்து மணந்து பாருங்கள். பூஞ்சண மணமோ ஈரக் கட்டியோ இருந்தால் எறியுங்கள். நிறம் மட்டும் மங்கியிருந்தால் டீக்கு ருசிக்காது, கேக்கில் போடலாம். அடுத்த பேணியைப் பிரிட்ஜில் வைத்து, திறந்து இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். வெளியே எடுத்தவுடன் திறக்க வேண்டாம். பேணியின் குளிர் விட்ட பிறகு திறவுங்கள், எங்கள் ஊர்ப் புழுக்கத்துக்கு உள்ளே வேர்த்துவிடும்.