கேள்வி – பதில்: லிலி பூலான்ஷேயை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

கேள்வி: மேற்கத்திய செவ்வியல் இசையில் பெண்கள் எழுதியது என்று தேடினால் சின்னச் சின்ன பியானோ துண்டுகளும் தனிப்பாடல்களும்தான் வருகின்றன. முழு ஆர்க்கெஸ்ட்ரா, பெரிய கோரஸ் என்று எழுதிய பெண்கள் பிரான்ஸில் இல்லவே இல்லையா?

பதில்: இருந்தார்கள். லூயீஸ் ஃபராங்க் 1840களிலேயே மூன்று சிம்ஃபனிகள் எழுதிவிட்டார். ஒகுஸ்தா ஓல்மெஸ் 1889 பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக எழுதிய படைப்பை மேடையேற்ற ஆயிரம் பேருக்கு மேல் தேவைப்பட்டார்கள். ஆனால் ஒருவரை மட்டும் சொல் என்றால் நான் லிலி பூலான்ஷேயைத்தான் சொல்வேன். 1893இல் பாரிஸில் பிறந்து 1918 மார்ச்சில் இறந்தவர், அப்போது வயது 24. அந்தக் கொஞ்ச காலத்தில் கோரஸுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் அவர் எழுதி வைத்திருப்பவை, அவரைவிட மூன்று மடங்கு காலம் வாழ்ந்த பலரிடமும் இல்லாத கனம் கொண்டவை.

கேள்வி: அவர் ஏதோ பெரிய பரிசு வாங்கினாராமே?

பதில்: ரோம் பரிசு. பிரான்ஸில் இளம் இசையமைப்பாளருக்கு அன்று அதைவிடப் பெரிய அங்கீகாரம் கிடையாது. பெண்களைப் போட்டியில் சேர்த்ததே 1903இல்தான். லிலியின் அக்கா நாடியா 1908இல் இரண்டாம் பரிசு வரை வந்தார். அந்த ஆண்டுப் பூர்வாங்கச் சுற்றில் குரலுக்குக் கேட்ட ஃப்யூகை (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம்) அவர் இசைக்கருவிகளுக்கு எழுதிக் கொடுத்தார் என்று மூத்த இசையமைப்பாளர் சேன்-சான்ஸ் பெரிய ரகளையே செய்தார். லிலி 1912இல் போட்டியில் இறங்கி, உடம்பு ஒத்துழைக்காமல் விலகினார். அடுத்த ஆண்டு திரும்ப வந்து, கொம்பியேன் அரண்மனையில் மற்ற போட்டியாளர்களோடு வாரக்கணக்கில் அடைந்துகிடந்து ‘ஃபாஸ்டும் ஹெலனும்’ என்ற கான்டாட்டாவை (தனிக்குரல்களும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்த இசைப் படைப்பு) எழுதி முதல் பரிசை வாங்கினார். இசைப் பிரிவில் முதல் பரிசு பெற்ற முதல் பெண் அவர்தான், வயது 19. அவருடைய அப்பா எர்னெஸ்த் பூலான்ஷேயும் 1835இல் அதே பரிசை வாங்கியவர்.

கேள்வி: கோபித்துக்கொள்ளாதீர்கள். இளம் வயதில் நோயோடு போராடி இறந்துபோன பெண் என்பதால்தானே இவ்வளவு பாராட்டு?

பதில்: கோபம் இல்லை, ஆனால் இந்தக் கேள்விக்குள் இருக்கும் எண்ணம்தான் அவருக்கு நடந்த பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன். இரண்டு வயதில் வந்த நிமோனியாவுக்குப் பிறகு அவர் உடம்பு தேறவே இல்லை, உண்மைதான். ஆனால் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அந்தப் படுக்கையிலேயே தொடங்கி அங்கேயே முடிப்பதால், கேட்கிறவர்கள் மெல்லிய, வாடிப்போன இசை ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு வருகிறார்கள். பைபிளின் சங்கீதப் பாடல்களில் ஒன்றுக்கு 1916இல் அவர் இசையமைத்த சங்கீதம் 24ஐப் போட்டுப் பாருங்கள். வயலின் குடும்பமே கிடையாது, பித்தளைக் காற்றுக்கருவிகள், டிம்பனி என்ற பெரிய முரசுகள், ஆர்கன், ஹார்ப், அதன்மேல் ‘வாசல்களே, உங்கள் தலைகளை உயர்த்துங்கள்’ என்று கோரஸ் முழங்கும். நாலு நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் அதில் நோயாளி யாரும் இல்லை. போர்க்காலத்தில் அக்காவோடு சேர்ந்து, போர்முனைக்குப் போன இசை மாணவர்களுக்காக ஒரு பிரெஞ்சு-அமெரிக்கக் குழுவையே நடத்தியவர் அவர்.

கேள்வி: சரி, எதை முதலில் கேட்பது?

பதில்: பலர் ‘ஒரு வசந்தக் காலை’யில் தொடங்கச் சொல்வார்கள். ஐந்து நிமிடம், துள்ளலான ஆர்க்கெஸ்ட்ரா, யாருக்கும் பிடிக்கும். கேளுங்கள், ஆனால் அதோடு ‘ஒரு சோகமான மாலை’யையும் சேர்த்துக் கேளுங்கள், ஏனென்றால் அதே கருப்பொருள்தான் அங்கே மெதுவாகி, இருண்டு, வேறொன்றாகிவிடுகிறது. இரண்டும் அவருடைய கடைசி மாதங்களில் முடித்தவை.

அப்புறம் நேராக சங்கீதம் 130. ‘ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்’ என்ற வரிதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. 1910இல் தொடங்கி 1917 வரை போனது, அப்பாவின் நினைவுக்குச் சமர்ப்பித்தார். செலோவும், தாழ்ந்த ஒலி தரும் பித்தளைக் கருவியான டியூபாவும் அடியில் எங்கோ நகர ஆரம்பிக்கும், ஆர்க்கெஸ்ட்ரா அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக எழும், கோரஸ் வரும்போது அதைப் பாட்டு என்பதைவிட மன்றாட்டு என்றுதான் சொல்லத் தோன்றும். நடுவில் தாழ்ந்த பெண்குரல் தனியாக வரும் இடத்தில் அவசரமே இல்லை. மொத்தம் ஏறக்குறைய 25 நிமிடம், ஒரு சுரம்கூட அலங்காரத்துக்காக இல்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்காதீர்கள், நல்ல ஹெட்ஃபோனாவது வேண்டும், ஏனென்றால் ஆரம்பத்தில் வரும் அந்தத் தாழ்ந்த ஒலிகள் கைப்பேசி ஸ்பீக்கரில் காணாமலே போய்விடும். ஜான் எலியட் கார்டினர் நடத்திய ஒலிப்பதிவும் யான் பஸ்கல் தோர்த்தலியே நடத்திய ஒலிப்பதிவும் கிடைக்கின்றன.

கேள்வி: பௌத்தப் பிரார்த்தனைக்குக்கூட அவர் இசை அமைத்தாராமே, உண்மையா?

பதில்: உண்மை. ‘பழைய பௌத்தப் பிரார்த்தனை’, டெனர் என்ற உயர்ந்த ஆண்குரல், கோரஸ், ஆர்க்கெஸ்ட்ராவுக்கு 1914–17இல் எழுதினார். விசுத்திமக்கம் என்ற பழைய பாலி மொழி பௌத்த நூலிலிருந்து சூசான் கார்பெலெஸ் பிரெஞ்சில் கொடுத்த வரிகள் (இந்த அறிஞர் தம் கடைசிக் காலத்தைப் புதுச்சேரியில் கழித்தவர்). மூச்சுள்ள எல்லாம் பகையின்றி, தடையின்றி இருக்கட்டும் என்ற வேண்டுதல். ஐரோப்பா முழுக்கப் போர் நடக்கும்போது எழுதியது. இடையில் வரும் புல்லாங்குழல் தனியைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: இவ்வளவு நல்ல இசை ஏன் கச்சேரிகளில் அதிகம் இல்லை?

பதில்: செலவு ஒரு காரணம். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, ஆர்கன், கோரஸ், தனிக்குரல் எல்லாவற்றையும் திரட்டி 25 நிமிடப் படைப்புக்கு ஒத்திகை பார்க்க நிர்வாகிகள் தயங்குகிறார்கள். இன்னொன்று, நாடியா ஆசிரியராக உலகப் புகழ் பெற்றுவிட்டார். கோப்லாண்ட், பியாசோலா, ஃபிலிப் கிளாஸ் போன்ற பெரிய இசையமைப்பாளர்கள் எல்லாம் அவரிடம் படித்தவர்கள். தங்கையின் இசைக்காக அவர் வாழ்நாளெல்லாம் உழைத்தும், பலருக்கு லிலி ‘நாடியாவின் தங்கை’யாகவே நின்றுவிட்டார். இப்போது பெண் இசையமைப்பாளர் ஒருவர் நிகழ்ச்சியில் இருக்க வேண்டும் என்றால் அந்த ஐந்து நிமிட வசந்தக் காலையைத் தொடக்கத்தில் வைத்துவிட்டு, மீதி நேரத்தை வழக்கமான பெயர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. சங்கீதம் 130 இடைவேளைக்குப் பிறகு, நிகழ்ச்சியின் முக்கியப் படைப்பாக வர வேண்டும்.