டிக்கெட் ஓரிடம், பேச்சு ஓரிடம். முடிவு எந்த இடம்?

கேள்வி: கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். குழுவில் 12 பேர்: எட்டு டெவலப்பர்கள், மூன்று டெஸ்டர்கள், நான். கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிறோம். வேலைகளைப் பதிய ஜிரா, பேசிக்கொள்ள ஸ்லாக், மென்பொருள் நிரலை வைக்க கிட்ஹப், குறிப்புகளுக்கு கான்ஃப்ளூயன்ஸ் எல்லாம் இருக்கின்றன. போதாததற்கு மேனேஜருக்காக ஒரு கூகுள் ஷீட், வாடிக்கையாளரோடு ஒரு வாட்ஸப் குரூப். ஒரே வேலையின் நிலையை மூன்று இடத்தில் மாற்றுகிறோம். இருந்தும் ‘அந்த வேலை என்ன ஆச்சு?’ என்று யாராவது கேட்டால் நாலு பேருக்கு போன் போட்டுத்தான் சொல்ல முடிகிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே புதிய டூலுக்கு மாறலாமா என்று மேனேஜர் கேட்கிறார். என்ன செய்யட்டும், மேடம்?

பதில்: இப்போதைக்கு மாறாதீர்கள். உங்களிடம் இருப்பவை நல்ல டூல்கள். 12 பேருக்குத் தாராளமாகப் போதும். ஒரு தகவல் எங்கே எழுதியிருந்தால் அது செல்லுபடியாகும் என்பதை உங்கள் குழுவில் இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை, கோளாறு அங்கேதான். அதை முடிவு செய்யாமல் இன்னொரு டூலைக் கொண்டுவந்தால், நிலையை மாற்ற வேண்டிய இடம் மூன்றிலிருந்து நான்காகும்.

சில வருடங்களுக்கு முன் நான் லீடாக இருந்த குழுவிலும் பில்லிங்தான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை வாடிக்கையாளர் வாட்ஸப்பில், ‘பில் மொத்தத்தில் காசு வேண்டாம், முழு ரூபாயாக வரட்டும்’ என்று போட்டார். அதைப் பார்த்த டெவலப்பர் ‘ஓகே சார்’ என்று சொல்லி அன்றைக்கே மாற்றிவிட்டார். டிக்கெட், அதாவது அந்த வேலைக்கென்று டூலில் ஒரு பதிவு, போடவில்லை. திங்கட்கிழமை டெஸ்டர் எடுத்துப் பார்த்தார். அவர் கையிலிருந்த டிக்கெட்டில் மொத்தம் இரண்டு தசம இடம் வரை வர வேண்டும் என்று இருந்தது. 248.60 வர வேண்டிய இடத்தில் 249 என்று வந்தது. பிழை என்று பதிந்தார். இன்னொரு டெவலப்பர் அந்தப் பிழையை எடுத்து, கோடை, அதாவது மென்பொருள் நிரலை, பழையபடி திருத்தினார். புதன்கிழமை ரிலீஸ். வியாழக்கிழமை காலை வாடிக்கையாளரின் போன்: கேட்டதற்கு ‘ஓகே’ சொல்லிவிட்டு ஏன் செய்யவில்லை?

எல்லோரும் முதல் டெவலப்பர் மேல் பாய்ந்தார்கள். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆன பையன் அவன். வாட்ஸப்பில் வரும் கோரிக்கையை எங்கே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று நான் அவனுக்குச் சொல்லியிருக்கவே இல்லை. அன்றைக்கு அவன் வாங்கிய திட்டு என்னைச் சேர வேண்டியது. அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அதனால்தான் உங்கள் கேள்விக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அதற்கப்புறம் நான் வேலை செய்த ஒவ்வொரு குழுவிலும் முதல் வாரமே செய்யும் காரியம் ஒன்று உண்டு. ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு வீடு சொல்லிவிடுவது. மற்ற இடங்களில் அந்த வீட்டின் முகவரி, அதாவது லிங்க், மட்டும் இருக்கலாம். உங்கள் குழுவுக்கு நான் பிரிப்பதாக இருந்தால், வேலை என்ன நிலையில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதற்கு ஜிரா. கோடும் கோடைப் பற்றிய விவாதமும் கிட்ஹப்பில். ஆறு மாதம் கழித்தும் ஒருவர் தேடி வரக்கூடிய விஷயம், உதாரணமாக வரிக் கணக்கை ஏன் இப்படி எழுதினோம் என்பது, கான்ஃப்ளூயன்ஸில். பேசிக்கொள்வதற்கு ஸ்லாக்.

பேச்சில் எடுத்த முடிவு ஸ்லாக்கிலேயே கிடந்துவிடுவதுதான் பெரும்பாலான குழுக்களில் நடக்கும் தவறு. ஸ்லாக் ஒரு கணினி விளையாட்டைத் தயாரித்துக்கொண்டிருந்த குழு தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்துகொண்ட கருவி. விளையாட்டு 2012இல் மூடப்பட்டது, பேச்சுக் கருவி 2013இல் வெளியே வந்தது. எல்லா உரையாடலையும் தேடி எடுக்கலாம் என்பதையே அந்தப் பெயரின் விரிவாகச் சொல்கிறார்கள். தேட முடியும், உண்மைதான். ஆனால் தேடுகிறவருக்கு என்ன சொல்லைத் தேடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். போன மாதம் சேர்ந்தவருக்கு அது எப்படித் தெரியும்? கூடவே, நீங்கள் இலவசத் திட்டத்தில் இருந்தால் 90 நாளுக்கு முந்தைய செய்திகளைப் பார்க்கவே முடியாது. அதனால் ஒரு பழக்கம்: ஸ்லாக்கில் பேசி முடிந்ததும், பேச்சைத் தொடங்கியவர் முடிவை இரண்டு வரியில் டிக்கெட்டில் எழுதிவிட்டு, அந்த டிக்கெட்டின் லிங்க்கை அதே த்ரெட்டில், அதாவது அந்தப் பேச்சுத் தொடரில், கடைசியாகப் போட வேண்டும். லிங்க் இல்லாத த்ரெட் முடியாத த்ரெட்.

வாட்ஸப்பை நிறுத்தச் சொல்ல மாட்டேன். கடை நடத்துகிற மனிதர் ஜிராவில் லாகின் செய்து டிக்கெட் போடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை, அவருக்கு வாட்ஸப்தான் கைக்கு எட்டும். பாலம் உங்கள் பக்கத்திலிருந்து போட வேண்டும். வாரத்துக்கு ஒருவர் முறை வைத்து அந்த குரூப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். கோரிக்கை வந்தால் அவர் டிக்கெட் போட்டு, ‘குறித்துக்கொண்டோம் சார், எண் 214. செவ்வாய்க்குள் எப்போது முடியும் என்று சொல்கிறோம்’ என்று பதில் தரட்டும். முறையில் இல்லாத டெவலப்பர் அந்த குரூப்பில் ‘ஓகே சார்’ சொல்லக் கூடாது. இது ஒன்றை மட்டும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் வாடிக்கையாளரே ‘214 என்ன ஆச்சு?’ என்று எண் சொல்லிக் கேட்பார், நான் பார்த்திருக்கிறேன்.

இனி, நிலையை மாற்றுகிற தொல்லை. டெவலப்பர்கள் டிக்கெட்டை நகர்த்த மறக்கிறார்கள் என்று எல்லா லீடும் குறைபடுவார்கள். வேலை ஒரு பக்கம், வேலையைப் பற்றி எழுதுவது இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்தால் யாரும் மறக்கத்தான் செய்வார்கள். இரண்டையும் இணைத்துவிடுங்கள். ஜிராவையும் கிட்ஹப்பையும் இணைக்கும் வசதி உண்டு. பிரான்ச் (ஒரு வேலைக்காகப் பிரித்து எடுக்கும் கோடின் கிளை) பெயரிலும் கமிட் (கோடில் செய்த மாற்றத்தின் பதிவு) செய்தியிலும் டிக்கெட் எண் இருந்தால், அந்த டிக்கெட்டைத் திறந்தாலே அதற்கான கோடு தெரியும். அதன்மேல் ஜிராவின் ஆட்டோமேஷனில் இரண்டே விதி எழுதுங்கள்: புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) திறந்தால் டிக்கெட் தானாக ரிவியூவுக்கு, அதாவது இன்னொருவர் கோடைப் படித்துப் பார்க்கும் நிலைக்கு, போக வேண்டும்; மெர்ஜ் ஆனால், அதாவது மாற்றம் முதன்மைக் கோடோடு சேர்ந்தால், டெஸ்டிங்குக்குப் போக வேண்டும். எழுத ஒரு மதியம் ஆகும். பிரான்ச் பெயரில் எண் போடும் பழக்கம் வர ஒரு மாதம் ஆகும், அதற்குப் பொறுமையாக இருங்கள்.

கூகுள் ஷீட்டை நிறுத்திவிடலாம். மேனேஜருக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று நேரில் உட்கார்ந்து கேட்டு, அதை ஜிராவில் ஒரு டாஷ்போர்டாகப் போட்டு, லிங்க்கைக் கொடுங்கள்.

டிக்கெட்டுக்குள் என்ன எழுதுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். நான் பார்த்த குழுக்களில் பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. ‘ரிட்டர்ன் பில் சரியில்லை, பார்க்கவும்’ என்று ஒரு டிக்கெட். இதை எடுக்கிற டெவலப்பர் முதல் வேலையாகப் போட்டவரைத் தேடிப் போக வேண்டும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘300 ரூபாய் பில், 30 ரூபாய் தள்ளுபடி. அதில் 100 ரூபாய் பொருள் ஒன்று திரும்பி வருகிறது. தள்ளுபடி முழுவதையும் அந்த ஒரு பொருளிலேயே கழித்து, திருப்பித் தர வேண்டியது 70 என்று காட்டுகிறது. அந்தப் பொருளின் பங்கான 10 ரூபாய் மட்டும் கழிந்து 90 வர வேண்டும்.’ எழுத மூன்று நிமிடம் கூடுதலாக ஆகும். டெவலப்பர் யாரையும் தேட வேண்டாம். டெஸ்டருக்கும் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஜிரா 2002இல் பிழைகளைப் பதிவதற்கான டூலாக வந்தது. என்ன செய்தோம், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும் என்ற மூன்றும் ஒரு டிக்கெட்டில் இருந்தால் போதும், அது புது வசதிக்கான டிக்கெட்டாக இருந்தாலும் சரி.

அடுத்து, ஜிராவில் டிக்கெட்டுகளை நிலைவாரியாகக் காட்டும் உங்கள் போர்டைத் திறந்து ‘நடக்கிறது’ என்ற நிலையில் எத்தனை டிக்கெட் இருக்கிறது என்று எண்ணுங்கள். ரிவியூ, டெஸ்டிங் இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள். 24 இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு எட்டு டிக்கெட் முடிகிறது என்றால், ஒரு டிக்கெட் தொடங்கி முடிய சராசரியாக மூன்று வாரம். கையில் இருப்பதை முடியும் வேகத்தால் வகுத்தால் காத்திருக்கும் காலம் வரும். பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த கணக்கு இது. வேலை வரும் வேகமும் முடியும் வேகமும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் எந்த வரிசைக்கும், வங்கிக் கவுண்டருக்கும்கூட, பொருந்தும். அதே எட்டு முடியும்போது கையில் 16 மட்டும் இருந்தால் இரண்டு வாரத்தில் முடியும். யாரும் கூடுதலாக ஒரு மணி நேரம் உழைக்கவில்லை. டொயோட்டா தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ கொண்டுவந்த கான்பான் அட்டை முறையிலும் இதுதான் உயிர்: அடுத்த கட்டத்தில் இடம் காலியானால்தான் முந்தைய கட்டம் புதிதாக ஒன்றைத் தொட வேண்டும். மென்பொருள்காரர்கள் அந்த முறையை எடுத்துக்கொண்டபோது போர்டையும் அட்டையையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரே நேரத்தில் எத்தனை வேலை கையில் இருக்கலாம் என்ற வரம்பைப் பல குழுக்கள் விட்டுவிட்டன. ஜிரா போர்டில் ஒவ்வொரு நிலைக்கான பத்திக்கும் உச்சவரம்பு வைக்கலாம், மீறினால் அது நிறம் மாறிக் காட்டும்.

வரம்பு வைத்ததும் ரிவியூவில்தான் நெரிசல் தெரியும் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். எட்டு டெவலப்பரும் எழுதிக்கொண்டே இருப்பார்கள், படிக்க ஆள் இருக்காது. கூகுள் தன் டெவலப்பர்களுக்கு எழுதி வைத்திருக்கும் வழிகாட்டியில், ரிவியூ கேட்டவருக்கு அதிகபட்சம் ஒரு வேலை நாளுக்குள் பதில் போக வேண்டும் என்று இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வந்ததும் புதிய கோடைத் தொடுவதற்கு முன் ரிவியூ பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் போதும். புல் ரிக்வெஸ்டும் சிறியதாக இருக்க வேண்டும். ஆயிரம் வரி மாற்றத்தை அனுப்பினால், படிப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மேலோட்டமாகப் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் எழுதுவார்.

காலை ஸ்டாண்டப்பில், அதாவது தினமும் நடத்தும் சின்னக் கூட்டத்தில், ஆள் ஆளாக நேற்று என்ன செய்தேன் என்று ஒப்பிப்பதை விடுங்கள். 12 பேர் சொல்லி முடிப்பதற்குள் 15 நிமிடம் தாண்டிவிடும். போர்டைத் திரையில் போட்டு, வலது ஓரத்திலிருந்து, அதாவது முடியும் தறுவாயில் இருக்கும் டிக்கெட்டிலிருந்து இடது பக்கம் வாருங்கள். ‘இது இன்றைக்கு முடிய என்ன தடை?’ என்று டிக்கெட்டைக் கேளுங்கள். போர்டில் இல்லாத வேலை யாராவது செய்துகொண்டிருந்தால் அதுவும் அப்போது வெளியே வந்துவிடும்.

ஒரு விஷயத்தை மேனேஜரிடம் நீங்கள்தான் தைரியமாகச் சொல்ல வேண்டும். டாஷ்போர்டு கைக்கு வந்ததும், யார் எத்தனை டிக்கெட் முடித்தார் என்று ஒப்பிடத் தோன்றும். ஒருமுறை அப்ரைசலில் அந்த எண்ணைக் காட்டினால் போதும், அடுத்த வாரமே ஒரு டிக்கெட் மூன்றாக உடையும். கஷ்டமான பிழையை யாரும் எடுக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு உதவி செய்யும் மனிதர்தான் பட்டியலில் கடைசியில் இருப்பார். ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று குழு போடும் மதிப்பெண்ணான ஸ்டோரி பாயின்ட்டுக்கும் இதே கதிதான். அந்த எண்கள் குழு எவ்வளவு வேலை ஏற்கலாம் என்று கணிக்க மட்டுமே உதவும். ஆளை எடைபோட அதைப் பயன்படுத்திய நாளிலிருந்து உங்கள் போர்டில் இருப்பது உண்மையாக இருக்காது, அப்புறம் நீங்கள் மறுபடியும் நாலு பேருக்கு போன் போட வேண்டியதுதான்.

இவ்வளவும் மூன்று மாதம் செய்து பார்த்த பிறகும் டூல்தான் இடைஞ்சல் என்று தோன்றினால், தாராளமாக மாறலாம். செலவும் நியாயமான காரணம்தான்: ஜிராவின் இலவசத் திட்டம் பத்துப் பேர் வரைதான், நீங்கள் 12 பேர். குழு பெரும்பாலும் டெவலப்பர்களாக இருப்பதால் கிட்ஹப்பிலேயே டிக்கெட்டுக்கும் போர்டுக்கும் உள்ள இஷ்யூஸும் ப்ராஜெக்ட்ஸும் போதுமா என்று பாருங்கள். கோடும் டிக்கெட்டும் ஒரே இடத்துக்கு வந்துவிடும். ஜோஹோ ஸ்பிரின்ட்ஸ் என்ற இதே மாதிரி டூலையும் ஒரு சின்ன வேலைக்குப் போட்டுப் பார்க்கலாம். தேர்ந்தெடுக்கும்போது டெஸ்டர்கள் மூவரையும் உட்காரவைத்துப் பத்து டிக்கெட் போடச் சொல்லுங்கள். நாள் முழுக்க அதில் இருக்கப்போகிறவர்கள் அவர்கள்தான், அவர்கள் முகம் சுளித்தால் வேண்டாம்.

மாறுகிற நாளை ஒரு ஸ்பிரின்ட், அதாவது ஒரு குறுகிய வேலைச் சுற்று, முடியும் நாளாக வையுங்கள். நடந்துகொண்டிருக்கும் டிக்கெட்டுகளை மட்டும் கையால் எடுத்துச் செல்லுங்கள். ஆறு மாதமாக யாரும் தொடாத பேக்லாக்கை, அதாவது காத்திருக்கும் வேலைகளின் பட்டியலை, தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பழைய டூலை அன்று மாலையே படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். ‘கொஞ்ச நாள் இரண்டிலும் எழுதிக்கொள்வோம்’ என்று யாராவது சொல்வார்கள். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.