மாலையானால் அழும் மகள்

தைப்பிங்கிலிருந்து பினாங்கு வந்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மகள் மாலையானால் தொலைபேசியில் அழுகிறாள், வாரந்தோறும் வீட்டுக்கு அழைத்துவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பகலில் விரிவுரைகள் மனத்தைப் பிடித்துவைக்கின்றன. ஆனால் சாமி விளக்கேற்றும் நேரம், நீங்கள் தேநீர் ஆற்றும் ஓசை, தம்பியோடு சச்சரவு என 19 ஆண்டுகளாக உடலும் மனமும் பழகிய ஒழுங்கு விடுதி அறையில் திடீரென்று இல்லாமற்போவதால், அந்த வெறுமை மாலையில்தான் உறைக்கிறது. இது பலவீனம் அன்று; பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் மெல்லத் தணியும்.

வாரந்தோறும் அழைத்துவந்தால், நட்புகள் துளிர்க்கும் வார இறுதிகளை அவள் இழந்துவிடுவாள் என்பதால், மாதம் ஒருமுறை போதும் என்பேன். அழும்போது அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். உறக்கமும் உணவும் இரண்டு வாரங்களுக்கு மேல் குலைந்தால் பல்கலைக்கழக ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற உதவி எண்ணும் உண்டு.