விக்டோரியா காலத்தில் பெண் கல்விக்குப் போராடியவர்களில் உங்களை அதிகம் கவர்ந்தவர் யார்? ஏன்?

எமிலி டேவிஸ். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் படிப்புக்காகப் பெண்களுக்கென்று முதல் கல்லூரியைத் தொடங்கியவர். நான் பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவள். அவர் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை வந்ததற்குக் காரணமும் ஒரு கணக்குத் தேர்வுதான்.

அப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களுக்கு 'உள்ளூர்த் தேர்வு' என்று ஒன்றை நடத்திவந்தது. பையன்கள் மட்டும்தான் எழுதலாம். பெண் பிள்ளைகளும் எழுத வேண்டும் என்று எமிலி ஒரு குழு அமைத்து, கடிதம் மேல் கடிதமாக எழுதிக் கேட்டுக்கொண்டே இருந்தார். 1863-ல் ஒரே ஒரு முறை, சோதனையாக, அதே வினாத்தாளைத் தருகிறோம் என்று ஒத்துக்கொண்டார்கள். தேர்வுக்கு இருந்தது ஆறே வாரம். அந்த ஆறு வாரத்துக்குள் லண்டனில் 83 பெண் பிள்ளைகளைத் திரட்டி உட்கார வைத்தார்.

முடிவு வந்தது. மற்ற பாடங்களில் மோசமில்லை. கணக்கில், மூத்த பிரிவில் எழுதிய 40 பேரில் 34 பேர் ஃபெயில்.

இந்த இடத்தில் சாதாரணமாக என்ன நடக்கும்? 'பெண்களுக்குக் கணக்கு வராது' என்று ஒரு கூட்டம் சொல்லும். 'பாவம், அவர்களுக்கு ஏற்ற மாதிரி எளிதான தாள் ஒன்று வைப்போம்' என்று நல்ல மனசுக்காரர்கள் சொல்வார்கள். எமிலி இரண்டையும் ஏற்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கப்படவே இல்லை என்பதற்கு இந்த 34 தான் ஆதாரம் என்று எடுத்துக்கொண்டார். பியானோவும் பிரெஞ்சும் தையலும் கற்றுக்கொடுத்த பள்ளிகள், கணக்கை வெறும் விதிகளாக மனப்பாடம் செய்ய வைத்திருந்தன. தாளை மாற்றாதே, பாடம் நடத்து. முப்பது வயதைத் தாண்டிய, கல்லூரி வாசலையே மிதிக்காத ஒரு பெண் 1863-ல் இதைச் சொன்னார் என்பது எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. ஆசிரியராக இருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும். வகுப்பே ஃபெயில் ஆகும்போது பிள்ளைகளின் தலையெழுத்து என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம்!

அவருடைய பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1830-ல் சவுத்தாம்ப்டனில் பிறந்தார். அப்பா பாதிரியார். வடக்கே கேட்ஸ்ஹெட் ஊருக்கு மாற்றலாகிப் போனார்கள். அண்ணன் தம்பிகள் நல்ல பள்ளிகளுக்கும், அங்கிருந்து கேம்பிரிட்ஜுக்கும் போனார்கள். எமிலிக்கு வீட்டுப் படிப்பும், அப்பாவின் திருச்சபை வேலைகளில் கூடமாட உதவுவதும்தான். அப்பா இறந்த பிறகு அம்மாவோடு லண்டன் வந்து சேர்ந்தபோது 1862 ஆகிவிட்டது. தோழி எலிசபெத் காரெட் டாக்டராக வேண்டும் என்று முட்டி மோதிக்கொண்டிருந்த நேரம் அது. லண்டன் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வை எழுத அவருக்கு அனுமதி கேட்டபோது ஆட்சிக்குழுவில் ஓட்டு சரிபாதியாகப் பிரிந்து, வேந்தர் போட்ட ஒரே ஓட்டில் கதவு சாத்தப்பட்டது. அந்த முயற்சிக்குப் பின்னால் இருந்த ஆட்களில் எமிலியும் ஒருவர்.

1866-ல் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுச் சுமார் 1,500 பேர் கையெழுத்திட்ட மனுவை நாடாளுமன்றத்துக்கு எடுத்துப் போனதும் இந்த இரண்டு பேர்தான். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் வந்து வாங்கும் வரைக்கும் அந்தப் பெரிய மனுச் சுருளை அங்கே ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்த அம்மாவின் கடைக்கு அடியில் வைத்துக் காத்திருந்தார்கள். ஆனால் அதற்கு அடுத்த ஆண்டே எமிலி ஓட்டுரிமைக் குழுவிலிருந்து விலகிவிட்டார். ஓட்டுரிமைக்காரி என்ற பெயர், தான் தொடங்க நினைத்த கல்லூரிக்குக் கிடைக்கவேண்டிய ஆதரவைக் கெடுத்துவிடும் என்று பயந்தார். இதற்காக அவரைக் கோழை என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தச் சண்டையை முதலில் முடிப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

சரி, கல்லூரிக் கதைக்கு வருகிறேன். 1869 அக்டோபரில் ஹிச்சின் என்ற ஊரில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து மாணவிகளோடு கல்லூரி தொடங்கியது. கேம்பிரிட்ஜிலிருந்து பேராசிரியர்கள் ரயில் ஏறி வந்து பாடம் நடத்திவிட்டுப் போவார்கள். பெண்ணுரிமைக்காகப் பாடுபட்ட தோழி பார்பரா போடிஷான் ஆயிரம் பவுண்டு தருவதாகச் சொன்னார், நாவலாசிரியை ஜார்ஜ் எலியட் ஐம்பது பவுண்டு கொடுத்தார். 1873-ல் கேம்பிரிட்ஜுக்கு வெளியே இரண்டு மைல் தள்ளி, கர்ட்டன் கிராமத்தில் சொந்தக் கட்டடம் எழும்பியது. ஒவ்வொரு மாணவிக்கும் தனி அறை, கதவைச் சாத்திக்கொண்டு படிக்க இடம் வேண்டும் என்பதில் எமிலி கறாராக இருந்தார். வீட்டில் எந்த நேரமும் யாராவது கூப்பிட்டு ஒரு வேலை சொல்லும் வாழ்க்கையை முப்பது வருஷம் வாழ்ந்தவர் அல்லவா?

இதே காலத்தில் கேம்பிரிட்ஜில் தத்துவம் கற்பித்த ஹென்றி சிட்ஜ்விக்கும் பெண் கல்விக்காக உழைத்த ஆன் கிளஃபும் கேம்பிரிட்ஜ் ஊருக்குள்ளேயே இன்னொரு பெண்கள் விடுதியைத் தொடங்கினார்கள். பிறகு நியூன்ஹம் கல்லூரி ஆனது அதுதான். அவர்கள் வழி வேறு. பெண்களுக்கென்று தனித் தேர்வு இருக்கட்டும், அவரவர் வேகத்தில் படிக்கட்டும் என்றார்கள். எமிலிக்கு இது கொஞ்சமும் ஒத்துவரவில்லை. ஆண்கள் எழுதும் அதே தாள், அதே கால வரம்பு. ஆண்கள் கிரேக்கமும் லத்தீனும் படித்து முதல்நிலைத் தேர்வில் தேறிவிட்டுத்தான் ட்ரைபாஸ் என்ற ஆனர்ஸ் தேர்வுக்குப் போக வேண்டும் என்றால், பெண்களும் அப்படியே போக வேண்டும். தனித் தாள் எவ்வளவு கடினமாக இருந்தாலும் ஊர் அதை மட்டமாகத்தான் பார்க்கும் என்பது அவர் வாதம்.

சிட்ஜ்விக் பக்கமும் நியாயம் இருந்தது. அந்தக் கிரேக்கக் கட்டாயம் ஆண்களுக்கே வீண் என்று நினைத்தவர் அவர். கர்ட்டன் மாணவிகள் அந்த மொழிகளை அவசர அவசரமாகப் படித்துத் திண்டாடினார்கள் என்பதும் உண்மை. எமிலி இளகவில்லை. மாணவிகளிடம் அவர் கனிவாக நடந்துகொண்டார் என்றும் சொல்ல முடியாது. ஹிச்சினில் அவர்கள் ஆண் வேடம் கட்டி ஷேக்ஸ்பியர் நாடகக் காட்சிகள் நடித்ததற்குப் பெரிய ரகளையே செய்தார். ஊர் வாய்க்கு அவல் கிடைத்துவிடக் கூடாது என்ற பயம் அவரை விட்டு நீங்கவே இல்லை.

1873-ல் முதல் மூன்று பேர் ட்ரைபாஸ் எழுதினார்கள். கணிதத்தில் சாரா உட்ஹெட், செம்மொழிகளில் ரேச்சல் குக், லூயிசா லம்ஸ்டன். அதிகாரபூர்வ அனுமதி கிடையாது. தேர்வாளர்கள் மனம் இரங்கித் தனிப்பட்ட முறையில் விடைத்தாளைத் திருத்திக் கொடுத்தார்கள். செம்மொழித் தேர்வு எழுதிய இருவரும் ஓட்டல் அறையில் உட்கார்ந்து வினாத்தாள் வந்து சேரக் காத்திருக்க, எமிலி பக்கத்தில் கணப்பருகே ஊசியால் கம்பளி பின்னிக்கொண்டிருந்தாராம். மூவருமே தேறினார்கள்.

அப்புறம் நடந்ததுதான் கணக்கு டீச்சராக எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1880-ல் கர்ட்டன் மாணவி ஷார்லட் ஸ்காட் கணித ட்ரைபாஸில் எட்டாவது ராங்ளருக்குச் சமமான மதிப்பெண் வாங்கினார். கணித ட்ரைபாஸில் முதல் வகுப்பில் தேறுபவர்களுக்குத்தான் ராங்ளர் என்று பெயர். பட்டியலில் அவர் பெயர் வராது. எட்டாவது இடத்துக்கான ஆண் பெயரை வாசித்தபோது கூடியிருந்த மாணவர்கள் 'ஸ்காட் ஆஃப் கர்ட்டன்!' என்று கத்தி அந்தப் பெயரையே அமுக்கிவிட்டார்கள். மறு வருஷமே பெண்கள் முறைப்படி ட்ரைபாஸ் எழுதலாம் என்று பல்கலைக்கழகம் தீர்மானம் போட்டது. 1890-ல் ஃபிலிப்பா ஃபாசெட் முதலிடம் பெற்ற சீனியர் ராங்ளரையே தாண்டினார். அவர் படித்தது நியூன்ஹமில். ஆனால் ஆண்களோடு அதே தாளை எழுதியதால்தான் 'சீனியர் ராங்ளருக்கு மேலே' என்று அறிவிக்க வேண்டி வந்தது. தனித் தாளாக இருந்திருந்தால் அந்த வரிக்கு இடமே இல்லை. 40-ல் 34 பேர் ஃபெயில் ஆன அந்தத் தேர்வுக்கும் இதற்கும் நடுவில் 27 வருஷம்தான்.

பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. ஷார்லட் ஸ்காட்டே லண்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிக்கொண்டுதான் அமெரிக்காவில் பிரின் மார் கல்லூரிக்குக் கணிதம் கற்பிக்கப் போனார். 1897-ல் பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று கேம்பிரிட்ஜில் ஓட்டெடுப்பு நடந்தபோது ஆதரவு 661, எதிர்ப்பு 1,707. சைக்கிள் ஓட்டும் பெண் பொம்மை ஒன்றைத் தெருவில் தொங்கவிட்டுக் கேலி செய்தார்கள். எமிலிக்கு அப்போது 67 வயது. கல்லூரியிலிருந்து ஒதுங்கிய பின் மறுபடி ஓட்டுரிமை இயக்கத்துக்கு வந்தார். 1918-ல், 88 வயதில், வாக்குச்சாவடிக்குப் போய் ஓட்டுப் போட்டார். 1921 ஜூலையில் காலமானார். கேம்பிரிட்ஜ் பெண்களை முழு உறுப்பினர்களாக ஏற்றுப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1948-ல்.