வெயிலில் வைத்தால் குளத்துத் தண்ணீர் சுத்தமாகிவிடுமா?

கேள்வி: ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில், டல்லாவில் இருக்கிறோம். சித்திரை வந்தால் ஊர்க் குளந்தான் கதி. ரங்கூன் ஏஜென்ட் ஒருவர், உள்ளே வெள்ளைப் பூச்சு அடித்த 20 லிட்டர் ஜாடி விற்கிறார். பத்து நிமிஷம் வெயில் பட்டால் கிருமி செத்துவிடுமாம், கொதிக்க வைக்கவே வேண்டாமாம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா.

அவர் சொல்லும் முறை உண்மைதான். இப்படிப் பூசுகிற டைட்டானியம் டை ஆக்சைடு, அதாவது பெயிண்டுக்கு வெள்ளை நிறம் தருகிற அதே தூள், வெயிலில் உள்ள புற ஊதா ஒளி பட்டால் கிருமியை அரித்துக் கொல்லும். 1985-லேயே ஜப்பானியர்கள் செய்து காட்டிவிட்டார்கள். ஆனால் ஒளி பூச்சின் மேல் பட வேண்டும், கிருமியும் பூச்சை ஒட்டி வர வேண்டும். 20 லிட்டருக்கு நடுவில் மிதக்கிற கிருமியை அது என்ன செய்யும்?

ஜாடி கதை இன்னும் மோசம். அந்த 20 லிட்டர் நீல ஜாடிகள் பெரும்பாலும் பாலிகார்பனேட் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக். அது புற ஊதாவை உள்ளேயே விடாது. வெயிலில் அந்த ஒளி இருப்பதே நூற்றுக்கு நாலைந்து பங்கு. அதையும் ஜாடிச் சுவர் தடுத்துவிட்டால் பூச்சு சும்மா கிடக்கும். ஜாடி சூடாவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். போன வருஷம் ஒருவர் இதேபோல ஒன்றை எடுத்து வந்தார். உள்ளே விரலால் தேய்த்தேன், சுண்ணாம்பு மாதிரி கையோடு வந்தது. 'ஜப்பான் டெக்னாலஜி' ஸ்டிக்கர் மட்டும் உரியவே இல்லை! இதையெல்லாம் சோதிக்க வேண்டியவர்கள் எங்கே போனார்களோ. கோடைக்குக் கோடை லாரியில் தண்ணீர் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதற்கு மட்டும் கூட்டம் வருகிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இது. படிகாரம் போட்டுத் தெளிய வைத்துத் துணியில் வடிகட்டுங்கள். நிறமில்லாத பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில், ஒன்று அல்லது இரண்டு லிட்டர், கீறல் இல்லாததாக எடுங்கள். நிரப்பிச் செய்தித்தாள் தலைப்பின் மேல் நிறுத்தி, வாய் வழியாகப் பாருங்கள். எழுத்து தெரியாவிட்டால் மறுபடி தெளிய வையுங்கள். தெரிந்தால் தகரக் கூரையில் படுக்க வைத்து முழு வெயிலில் 6 மணி நேரம் விடுங்கள். பாதி வானம் மூடியிருந்தால் அடுத்தடுத்து இரண்டு நாள். அடைமழையில் இது பலிக்காது, ஒரு நிமிஷமாவது தளதளவென்று கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.

வெயிலில் வைத்த தண்ணீரைப் பானைக்கு மாற்றாதீர்கள். குளோரின் போட்டால் அது தண்ணீரில் மிஞ்சி நின்று காக்கும், இதில் அப்படிக் காவல் எதுவும் மிஞ்சாது. பானையில் கை பட்டால் கிருமி திரும்பி வரும். அதே பாட்டிலிலிருந்து குடியுங்கள். குளத்தில் உப்பு ஏறியிருந்தால் வெயிலும் பூச்சும் அதைத் தொடாது, அந்த மாதத்துக்கு வேறு தண்ணீர் பாருங்கள்.